ரோமுக்கு முதல் பயணம்: எங்கே தவறுகிறது?

வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள். அன்று அனுமதி இலவசம் என்பதால் கூட்டம் மதிற்சுவரைச் சுற்றி நிற்கும், பகல் 12.30-க்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பெர்னினியின் சிற்பங்கள் இருக்கும் போர்கேஸே கலைக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. சனிக்கிழமை ரோமில் இறங்கி, ஞாயிறு வத்திக்கான், திங்கள் போர்கேஸே, செவ்வாய் அடுத்த நாடு என்று திட்டம் போட்ட குடும்பம், இரண்டு பூட்டிய வாசல்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஐரோப்பிய நகரம் ஒன்றுக்கு முதல் முறை போகிறவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை அந்த ஊரில் நடப்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடும்போதே நடந்துவிடுகின்றன. இடங்களின் பட்டியலை எழுதி, அதை நாள்களுக்குப் பங்கு போடுகிறோம். அந்த இடங்கள் எந்தக் கிழமை திறந்திருக்கும், எத்தனை நாள் முன்பு சீட்டு வாங்க வேண்டும், மதியம் எப்போது மூடுவார்கள் என்று பார்ப்பதில்லை. பத்து நாளில் ஆறு நாடு என்ற சுற்றுலாத் திட்டங்கள் இந்தப் பழக்கத்தை இன்னும் மோசமாக்கிவிட்டன. ரோமுக்கு மட்டுமே மூன்று முழு நாள் வேண்டும். கூடவே இன்னொரு ஊர் என்றால், அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் ஃப்ளோரன்ஸ் இருக்கிறது. விமானம் ஏறி பாரிசுக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் விசா. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பலர் கவனிக்கத் தவறுவது விசாவில் அச்சாகியிருக்கும் நுழைவு எண்ணிக்கையை. ஒருமுறை நுழைவு விசாவில் ரோமுக்குப் போய், இடையில் லண்டனில் உறவினரைப் பார்த்துவிட்டு மறுபடி பாரிஸ் வழியாக ஊர் திரும்பலாம் என்று நினைத்தால் முடியாது. பிரிட்டன் ஷெங்கன் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே போன நொடியில் அந்த விசா தீர்ந்துவிடும்.

அடுத்தது கொலோசியம். இதன் நுழைவுச்சீட்டு, நாளும் நேரமும் குறித்தது. 2023 இறுதியிலிருந்து பார்வையாளரின் பெயரும் சீட்டில் அச்சாகிறது. வாசலில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். அதிகாரபூர்வ இணையதளத்தில் சாதாரணச் சீட்டுகள் முப்பது நாள் முன்புதான் விற்பனைக்கு வரும். கூட்ட மாதங்களில் வேகமாகத் தீர்ந்துவிடும். கடைசி நேரத்தில் தேடுகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது இடைத்தரகர் தளங்கள். அங்கே விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. அந்த முப்பதாவது நாளை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்வது ஒன்றே வழி. அதே சீட்டில் பக்கத்திலுள்ள ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடங்கும். அவற்றுக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும், நிழல் குறைவு.

வத்திக்கானில் வேறொரு குழப்பம். அருங்காட்சியகமும் புனித பேதுரு பேராலயமும் ஒரே வாசல் அல்ல. பேராலயத்துக்கு அனுமதி இலவசம், பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை சதுக்கத்தில் நிற்கும். அருங்காட்சியகத்தின் வாசல் மதிலின் வடக்குப் பக்கத்தில் இருக்கிறது. சதுக்கத்திலிருந்து பதினைந்து நிமிட நடை. கையில் அருங்காட்சியகச் சீட்டை வைத்துக்கொண்டு பேராலய வரிசையில் நின்றால் குறித்த நேரம் தவறிவிடும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது ஆண்களுக்கும் உண்டு. அரைக்கால் சட்டையோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கவே கூடாது. போப்பாண்டவர் ரோமில் இருந்தால் புதன்கிழமை காலை பொதுச் சந்திப்பு நடக்கும். அந்த நேரத்தில் பேராலயம் பார்க்கப் போகாதீர்கள்.

இந்தப் பெரிய இடங்களுக்கு இவ்வளவு பாடு படுகிற நாம், எந்தச் சீட்டும் வேண்டாத இடங்களைத் தாண்டிப் போய்விடுகிறோம். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தெய் ஃப்ரான்சேஸி என்ற தேவாலயம். உள்ளே இடதுபுறக் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள், 1600-ஐ ஒட்டி எந்தச் சுவருக்காக வரைந்தாரோ அதே சுவரில் இருக்கின்றன. இருட்டாக இருக்கும். பக்கத்திலுள்ள பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும்; சில நிமிடத்தில் அணைந்துவிடும். அந்தச் சில நிமிடத்தில், அவற்றில் ஓர் ஓவியத்தில், இருண்ட அறைக்குள் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழ, காசு எண்ணும் மேசையில் உட்கார்ந்திருக்கும் வரி வசூலிப்பாளர் மத்தேயு தலை நிமிர்வதைப் பார்க்கலாம். சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோவின் மோசே சிலையும் இப்படித்தான், கட்டணமே இல்லை. ஆனால் இத்தகைய தேவாலயங்களில் பல, நண்பகலில் மூடிவிட்டுப் பிற்பகலில்தான் திறக்கும். காலையிலேயே போய்விடுங்கள்.

நேரக் கணக்கு வயிற்றுக்கும் பொருந்தும். உணவகச் சமையலறைகள் பெரும்பாலும் மூன்று மணிக்கு மதிய வேலையை முடித்துவிடும். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு மேல்தான். ஐந்து மணிக்குக் குழந்தைக்குப் பசித்தால், சுற்றுலாப் பயணிகளுக்காக நாள் முழுக்கத் திறந்திருக்கும், படம் போட்ட பட்டியல் வைத்த கடைகளில் போய் விழுவோம். அதற்குப் பதிலாக ‘பீட்சா அல் தாலியோ’ என்று எழுதிய சிறு கடையைத் தேடுங்கள். நீளச் செவ்வகத் தட்டில் பீட்சா இருக்கும். கடைக்காரர் அதன்மேல் கத்தியை வைத்து உங்கள் முகத்தைப் பார்ப்பார். இன்னும் கொஞ்சம், இன்னும் குறைத்து என்று கையைக் காட்டினால் போதும். வெட்டி, எடை போட்டு, எடைக்குத்தான் காசு வாங்குவார். காபியைக் கடையில் நின்றபடி குடித்தால் ஒரு யூரோவோ சற்று அதிகமோ ஆகும். புகழ்பெற்ற சதுக்கங்களில் நாற்காலியில் உட்கார்ந்தால் அதே காபிக்குப் பல மடங்கு.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இங்கே கூடுதலாக விழிப்போடு இருக்க வேண்டும். அமத்ரிச்சானா பாஸ்தா பார்க்க வெறும் தக்காளிச் சாறு போலத் தெரியும். அதில் பன்றிக் கன்னத்து இறைச்சி கலந்திருக்கும். கார்பொனாராவிலும் அதே. பொரித்த அரிசி உருண்டையான சுப்ளியில் வழக்கமாகக் கொத்துக்கறி உண்டு. பார்மிஜானோ, பெக்கொரினோ பாலாடைக்கட்டிகளைக் கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள். இதைத் தவிர்ப்பவர்கள் ‘சென்சா ஃபோர்மாஜ்ஜோ’, அதாவது பாலாடைக்கட்டி இல்லாமல் என்று சொல்ல வேண்டும். தக்காளி மட்டும் போட்ட ஸ்பகெட்டி ஆல் பொமொதோரோ, பூண்டும் எண்ணெயும் சேர்த்த ஆல்யோ எ ஒலியோ, பாலாடைக்கட்டியோ மீனோ இல்லாத மரினாரா பீட்சா ஆகியவை கைகொடுக்கும். முட்டையும் ஆகாது என்றால் கையால் செய்த புது பாஸ்தாவை விட்டுவிட்டு உலர் பாஸ்தா கேளுங்கள்.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு செலவழிக்காதீர்கள். தெருவோரம் ‘நசோனி’ என்ற இரும்புக் குழாய்த் தூண்கள் சுமார் 2,500 இருக்கின்றன. 1870-களில் வைக்கத் தொடங்கியவை. வளைந்த குழாயில் நாள் முழுக்க நல்ல குடிநீர் ஓடும். குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி எழும், குனியாமல் குடிக்கலாம்.

பேருந்து, மெட்ரோவில் 1.50 யூரோ சீட்டு 100 நிமிடத்துக்குச் செல்லும். பேருந்தில் நடத்துனர் இல்லை. வெள்ளை ‘டி’ எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் சீட்டை முன்பே வாங்கி, ஏறியதும் உள்ளே இருக்கும் கருவியில் முத்திரை போட வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். பரிசோதகரிடம் அகப்பட்டால் அபராதம் ஐம்பது யூரோவைத் தாண்டும். வங்கி அட்டையைத் தட்டியும் போகலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். டெர்மினி ரயில் நிலையத்திலும், அங்கிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பேருந்திலும் ஜேப்படி அதிகம். பணமும் கடவுச்சீட்டும் உள்பையில் இருக்கட்டும். கொலோசியம் அருகே கையில் கயிறு கட்ட வருகிறவர்களிடம் கையை நீட்டாதீர்கள். கட்டியபின் காசு கேட்பார்கள்.

ஸ்பானிஷ் படிக்கட்டுகளில் உட்கார 2019 முதல் தடை, மீறினால் அபராதம். விடுதியில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாக வாங்குவார்கள். இணையத்தில் கட்டிய அறை வாடகையில் அது பெரும்பாலும் அடங்காது.

எந்த மாதம் போகலாம்? ஆகஸ்ட் வேண்டாம். வெயில் கடுமை; 15-ஆம் தேதி தேசிய விடுமுறையை ஒட்டிப் பல குடும்ப உணவகங்கள் வாரக்கணக்கில் மூடிவிடும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காக மே மாதம்தான் முடியும் என்றால் எல்லாச் சீட்டுகளையும் முன்பே வாங்கிவிடுங்கள். அந்தக் கட்டாயம் இல்லாதவர்கள் நவம்பரிலோ பிப்ரவரியிலோ போங்கள்: குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும், விடுதி வாடகையும் குறைவு.