நோன்னா வாங்கிய கூலி

இத்தாலிய அமெரிக்கக் குடும்பத்தில் ஒரு பாட்டி காலமாகிவிட்டால், அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அடுப்படியில்தான் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அடுப்பில் ஏறிவிடும் தக்காளிக் குழம்பு, அதில் மெதுவாக வேகும் இறைச்சி உருண்டைகள், வயிறு நிறைந்த பிறகும் விடாத உபசரிப்பு. சினிமாவும் விளம்பரங்களும் இந்த 'நோன்னா'வை (இத்தாலிய மொழியில் பாட்டி) உலகத்துக்கே அறிமுகம் செய்துவிட்டன. இந்தச் சித்திரம் பொய்யில்லை. ஆனால் முழுமையும் இல்லை. பேரப்பிள்ளைகள் பார்ப்பது பாட்டியின் பிற்பாதி வாழ்க்கையை மட்டுமே. அதை வைத்தே அவருடைய மொத்த ஆயுளுக்கும் கணக்கு முடித்துவிடுகிறோம். நோன்னாவை உண்மையாக நினைவுகூர வேண்டுமானால், அவர் பரிமாறியதோடு அவர் சம்பாதித்ததையும் பேசியாக வேண்டும்.

இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் தாய் கேத்தரினை எடுத்துக்கொள்வோம். 1974இல் மகன் எடுத்த 'இத்தாலியன்அமெரிக்கன்' என்ற ஆவணப்படத்தில், நியூயார்க் எலிசபெத் தெரு வீட்டில் உட்கார்ந்து கேத்தரினும் கணவர் சார்லஸும் தங்கள் குடும்பக் கதையைச் சொல்கிறார்கள். படத்தின் முடிவில் எழுத்துகளோடு சேர்ந்து ஓடுவது கேத்தரினின் குழம்புச் செய்முறை. 1990இல் வந்த 'குட்ஃபெல்லாஸ்' படத்தில் நள்ளிரவில் வந்து நிற்கும் மகனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் சாப்பாடு போடும் தாயாக நடித்தார். 1996இல் அவர் பெயரில் சமையல் புத்தகமும் வந்தது. ஆனால் கேத்தரின் தையல் வேலை செய்து பிழைத்தவர். சார்லஸ் ஆயத்த ஆடைத் தொழிலில் துணி தேய்த்தவர். இவ்வளவு பிரபலமான ஒருவர் விஷயத்திலேயே கரண்டி நினைவில் நின்று ஊசி மறந்துபோகிறது என்றால், பெயர் தெரியாத பாட்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஊசி பிடித்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 1880க்கும் 1924க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் சிசிலி, நேப்பிள்ஸ், கலாப்ரியா போன்ற தெற்குப் பகுதிகளின் ஏழைகள். கட்டட வேலையிலும் ரயில் பாதை வேலையிலும் ஆண்களுக்குக் கிடைத்த கூலி வருடம் முழுவதும் நிலைக்காது. ஆகவே பெண்களும் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். போக முடியாதவர்கள் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். சமூக ஆய்வாளர் மேரி வான் கிளீக் நியூயார்க்கின் செயற்கைப் பூத் தொழிலைப் பற்றி 1913இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதில் மிகப் பெரும் பகுதியினர் இத்தாலியப் பெண்களாக இருந்தனர். அதே காலத்தில் லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்களில் அந்த வேலையைக் கண்ணால் பார்க்கலாம்: நெருக்கடியான குடியிருப்பு அறை, நடுவில் ஒரு மேஜை, அதைச் சுற்றித் தாயும் பிள்ளைகளும், கையில் துணி இதழ்களும் கம்பிக் காம்பும். பன்னிரண்டு டஜன் பூவுக்கு இத்தனை சென்ட் என்று கூலி. ஞாயிறு விருந்து பரிமாறப்பட்ட மேஜை மற்ற நாட்களில் பட்டறையாக இருந்தது.

அந்த உழைப்பு உயிருக்கே ஆபத்தாகவும் இருந்தது; அதை அவர்கள் வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டவர்களும் அல்ல. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தனர். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம் பெண்கள். மறுவருடம் மசாசூசெட்ஸின் லாரன்ஸ் நகரத்து நெசவாலை வேலைநிறுத்தத்தில் அன்னா லோபிட்ஸோ என்ற இத்தாலியத் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். 1919இல் இத்தாலிய ஆடைத் தொழிலாளர்களுக்கென்றே 'லோக்கல் 89' என்ற தொழிற்சங்கக் கிளை உருவானது.

'இருக்கட்டும், அன்பை நினைவுபடுத்துவது அந்தச் சாப்பாடுதானே?' என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்தச் சாப்பாட்டுக்கும் கூலி வரலாறு உண்டு. தெற்கு இத்தாலியின் ஏழை வீடுகளில் ரொட்டியும் பயறும் கீரையுமே அன்றாட உணவு. இறைச்சி பண்டிகைக்கு மட்டும். வாராவாரம் இறைச்சி கொதிக்கும் பானை அமெரிக்கச் சம்பளத்தால் வந்தது என்பதை வரலாற்றாசிரியர் ஹாசியா டைனர் விரிவாக எழுதியிருக்கிறார். பழங்காலத்துக் கைப்பக்குவம் என்று பேரப்பிள்ளைகள் போற்றுவதில் பெரும் பங்கு, பாட்டியும் தாத்தாவும் உழைத்து எட்டிப்பிடித்த புது வசதி. கூலியை மறந்தால் அந்தக் குழம்பின் பெருமையே பாதியாகிவிடும்.

'அவரே பேசாததை நாம் ஏன் கிளற வேண்டும்?' என்பது அடுத்த கேள்வி. பேசாததற்குக் காரணங்கள் இருந்தன. மனைவி வேலைக்குப் போவது கணவனுக்கு இழுக்கு என்று கருதிய காலம் அது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. குடியுரிமை பெறாத சுமார் 6 லட்சம் இத்தாலியர்களை அமெரிக்க அரசு 'எதிரி நாட்டவர்' என்று வகைப்படுத்தியது. அவர்கள் அடையாள அட்டையோடு நடமாட வேண்டும். சிற்றலை வானொலி, கேமரா வைத்திருக்கக் கூடாது. பேஸ்பால் நட்சத்திரம் ஜோ டிமாஜியோவின் பெற்றோரும் இதற்கு விலக்கல்ல. 1942 அக்டோபரில் அந்த முத்திரை நீங்கினாலும், பழைய கதைகளை அடக்கி வாசிக்கும் பழக்கம் பலருக்கு நீங்கவில்லை. அந்த மௌனத்தை அவர்களுடைய விருப்பம் என்று நாம் முடிவுகட்டிவிட முடியாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: சமையல்காரியாகச் சுருக்கியதற்குப் பதில் தொழிலாளியாகச் சுருக்குவது மட்டும் சரியா? சரியில்லை. எல்லாப் பாட்டிகளும் ஆலைக்குப் போனதில்லை. வாடகைக்குத் தங்கியவர்களுக்குச் சமைத்துத் துவைத்துப் பணம் பார்த்தவர்களும் உண்டு, வீட்டை மட்டுமே கவனித்தவர்களும் உண்டு. ஆகவே ஊகத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு வாழ்க்கையையும் தனியாகத் தேட வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்கள் 72 வருடங்களுக்குப் பிறகு திறக்கப்படுகின்றன. 1950ஆம் வருடக் கணக்கெடுப்பு 2022இல் வெளியானது. அதில் 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்றிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது, வீட்டிலிருந்து செய்த கூலிவேலை பல நேரங்களில் பதிவாகவே இல்லை. கப்பல் பயணிகள் பட்டியலில் இத்தாலியப் பெண்கள் பலரும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள். கணவர் பெயரில் தேடினால் அகப்பட மாட்டார்கள்.

இப்படித் தேடிக் கிடைப்பதை இரங்கல் குறிப்பில் குழம்பைப் பற்றிய வரிக்குப் பக்கத்திலேயே எழுதலாம்: எந்தத் தொழிற்சாலை, என்ன வேலை, எந்தச் சங்கம். குழம்பின் புகழ் அதனால் குறையாது. வேலைக்குப் போகும் பேத்திக்கு, குடும்பத்தில் சம்பளம் வாங்கிய முதல் பெண் தான் அல்ல என்பதாவது தெரியவரும்.