சலாவரிசை

மதுரங்குளிக்கு அண்மையிலுள்ள எங்கள் கனமூலையில், அசர் தொழுகைக்குப் பின் களப்புக் காற்று தென்னந்தோப்புக்குள் புகும் வேளையில், மூங்கிற் கம்புகள் மோதும் ஓசை எழும். ‘சிலம்புதல்’ என்றால் ஒலித்தல். அவ்வோசையாலேயே இக்கலைக்குச் சிலம்பம் என்ற பெயர் வந்தது என்பர். இலங்கை முஸ்லிம் ஊர்களின் கல்யாண ஊர்வலங்களுக்குச் சீனடியும் சிலம்படியும் நெடுங்காலமாக அழகு சேர்த்து வந்தவை.

48ஆம் வயதில் நான் அத்தோப்புக்குள் நுழைந்தேன். வைத்தியர் உடற்பயிற்சி வேண்டும் என்றார் என்பது வெளியே சொன்ன காரணம். கால் நூற்றாண்டாக ஆசிரியனாயிருந்து, பிறரைத் திருத்தியே பழகிய எனக்கு எக்கலையும் எளிதில் வசப்படும் என்ற இறுமாப்பே உள்ளிருந்த காரணம்.

அண்ணாவியார் என் நெற்றி உயரத்துக்குக் கம்பொன்றை அளந்து தந்தார். ஆயினும் முதல் மாதம் முழுவதும் காலடியும் சலாவரிசையுமே பாடம். ஆசானுக்கும் அவைக்கும் எதிரே நிற்பவனுக்கும் மரியாதை செலுத்தும் வரிசை அது. “இது சிறுவர்க்கன்றோ?” என்று மனத்துள் முணுமுணுத்தேன்.

மூன்றாம் மாதம் என்னெதிரே நிறுத்தப்பட்டவன் என் வகுப்பு மாணவன்; வயது 13. கம்பு மேனியைத் தொட்டாற் போதும், தாக்கலாகாது என்பது எங்கள் களத்து விதி. அவன் கம்பு என் மார்பை ஒரு முறையும் தோளை இரு முறையும் தொட்டது. சுற்றி நின்ற சிறுவர்கள் சிரிக்கவில்லை. சிரித்ததாகவே என் செவிக்குப் பட்டது. அடுத்த கணம் நான் தொடவில்லை, அடித்தேன். அவன் விரல் மொளியிலிருந்து இரத்தம் கசிந்தது. அவன் அழவில்லை. விழுந்த கம்பை இடக்கையால் எடுத்து, வழக்கப்படி எனக்குச் சலாம் செய்தான்.

அண்ணாவியார் கடிந்துகொள்ளவுமில்லை. “மாஸ்டர், நாளையிலிருந்து திரும்பவும் காலடி” என்றார்.

மறுநாள் வகுப்பில் அவன் இடக்கையால் எழுத முயன்று கொண்டிருந்தான். கோணல் எழுத்துகளைக் கண்டபோது என் நா வறண்டது. எத்தனையோ மாணவரை மன்னிப்புக் கேட்க வைத்த நான், அன்றுதான் வகுப்பின் முன் நின்று, “பிழை என்னுடையது, மன்னித்துக்கொள்” என்றேன். “பரவாயில்லை சேர்” என்று அவன் தலை கவிழ்ந்தான். என்னைவிட அவனுக்கே கூச்சம் அதிகம்.

ஜப்பானிய அறிஞர் ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவில் கொடோகன் என்ற ஜூடோப் பள்ளியை நிறுவினார். எதிரியை வீழ்த்தக் கற்குமுன் காயமின்றி விழக் கற்பது அக்கலையின் தொடக்கப் பாடம். எங்கள் அண்ணாவியார் ஜூடோவைக் கண்டவரல்லர். எனக்குத் தந்த பாடம் அதுவே. நடுவயதில் மூட்டு வளைய மறுப்பது பெரிதன்று. தலை வளைய மறுப்பதே பெரிது.

சின்னஞ்சிறுவர் வரிசையில் கடைசி ஆளாக நின்று மறுபடியும் காலடி பழகினேன். நேற்று அதே மாணவனோடு களத்தில் நின்றேன். அவன் கம்பு என் தோளைத் தொட்டது. சலாம் செய்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குக் கம்பை எடுத்தேன்.