பழைய ரோடு பைக்குக்குப் புது ஷிஃப்டர்... காசைக் கொட்டும் முன் இதையெல்லாம் கவனிங்க!

செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைத்த பழைய ரோடு பைக் உங்ககிட்ட இருக்கா? ஸ்டீல் ஃபிரேம் கல்லு மாதிரி இருக்கும், ஓட்டவும் செம ஜாலியா இருக்கும். ஆனால், கியர் மாத்தணும்னா ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து, கீழே சாய்வுக் குழாயில் இருக்கும் குட்டி லீவரைத் தேடணும். காலி ரோட்டில் இது ஸ்டைல்தான். பக்கத்தில் பஸ் உரசிக்கொண்டு போகும்போதோ, முன்னால் திடீர் பள்ளம் வரும்போதோ, ஒற்றைக் கையில் பேலன்ஸும் பாதி பிரேக்கும் மட்டும்தான் மிச்சம்!

அதனால்தான் பலரும் ஷிஃப்டரை மாற்ற நினைக்கிறார்கள். ஆனால், லீவரை மட்டும் வாங்கி மாட்டினால் வேலை முடியாது.

லீவர் மேலே வந்த கதை

அந்தக் கால ஷிஃப்டர்களில் 'கிளிக்' கிடையாது. லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, செயின் சத்தத்தை வைத்துத்தான் கியர் சரியாக விழுந்ததா என்று கண்டுபிடிக்கணும். 1984-ல் ஷிமானோ தனது டியூரா-ஏஸ் வரிசையில் கிளிக் முறையைக் கொண்டுவந்தது. 1990-ல் பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் சேர்ந்த எஸ்.டி.ஐ வந்தது. 1992-ல் இத்தாலியின் காம்பக்னோலோ, எர்கோபவரோடு களமிறங்கியது.

கிளிக் கணக்கு

ஒவ்வொரு கிளிக்கும் கேபிளை ஒரு குறிப்பிட்ட அளவுதான் இழுக்கும். அந்த இழுப்பு, பின்னால் இருக்கும் பல்சக்கரங்களின் இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தணும். ஷிமானோ 8 ஸ்பீடில் அடுத்தடுத்த பல்சக்கரங்களுக்கு இடையே 4.8 மி.மீ., 9 ஸ்பீடில் 4.35 மி.மீ. 'அரை மி.மீ. கூட வித்தியாசம் இல்லையே'ன்னு தோணும். ஆனால், 8 ஸ்பீடு சக்கரத்தில் 9 ஸ்பீடு ஷிஃப்டரை மாட்டினால், ஏழாவது கிளிக்கில் செயின் 3 மி.மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். அப்புறம் கரகர சத்தம்தான்.

எனவே ஷிஃப்டர், டீரெயிலர், பல்சக்கரம் மூன்றும் ஒத்துப்போகணும். ஷிமானோவையும் காம்பக்னோலோவையும் கலக்காமல் இருப்பது நல்லது.

பின் சக்கரத்தை அளங்க

சக்கரத்தைக் கழற்றி, ஃபிரேமின் பின் கவைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 126 மி.மீ. என்றால் அது 6 அல்லது 7 ஸ்பீடு காலத்து பைக். 130 மி.மீ. என்றால் 8 ஸ்பீடும் அதற்கு மேலும் போகலாம். ஸ்டீல் ஃபிரேமை அனுபவசாலி மெக்கானிக் பக்கத்துக்கு 2 மி.மீ. வீதம் விரித்துத் தருவார். அலுமினியம், கார்பன் ஃபிரேம்களில் இதைச் செய்யவே கூடாது, விரிசல் விடும்.

சக்கரத்தில் கை வைக்க வேண்டாமா? 7 ஸ்பீடுக்கென்றே ஷிமானோவின் டூர்னி ஏ070 வரிசையில் பிரேக்கோடு சேர்ந்த ஷிஃப்டர் இருக்கிறது.

உயிர் விஷயம்

கியர் கேபிளின் வெளி உறையையும் பிரேக் கேபிளின் வெளி உறையையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கியர் உறைக்குள் கம்பிகள் நேராக ஓடும். பிரேக் உறையில் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கும். பிரேக்குக்கு கியர் உறையைப் போட்டால், அவசரத்தில் அழுத்திப் பிடிக்கும்போது அது பிளந்து பிரேக்கே இல்லாமல் போகலாம். புது லீவர், பழைய பிரேக்கை வேறு அளவில் இழுக்கும் என்பதால், மெயின் ரோட்டுக்குப் போகும் முன் தெருவுக்குள்ளேயே நாலு ரவுண்டு ஓட்டி, பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

பட்ஜெட் இடிக்குதா?

ஹேண்டில்பாரின் முனையில் செருகும் 'பார்-எண்ட்' ஷிஃப்டர் இருக்கு. பழைய பிரேக் லீவர் அப்படியே இருக்கும், கையும் ஹேண்டில்பாரை விட்டுப் போகாது. கிளிக் இல்லாமல் ஓடும் வசதி உள்ள மாடலாக வாங்கினால், மேலே சொன்ன மி.மீ. கணக்குத் தலைவலியும் குறையும்.

கடைக்குக் கிளம்பும் முன் மூணு விஷயத்தை போனில் போட்டோ எடுத்துக்கோங்க: பின்னால் எத்தனை பல்சக்கரம், கவை இடைவெளி எவ்வளவு, டீரெயிலரின் பின்பக்கம் 'ஆர்.டி' என்று தொடங்கும் எண் என்ன. இந்த மூணும் கையில் இருந்தால், தேவையில்லாததை யாரும் உங்க தலையில் கட்ட முடியாது.