கல்லுக்கு ஏது பாவம்?

ஸீயஸ், அதீனா, அப்போலோ கதைகள் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். பண்டைய கிரேக்கர்கள் அந்தத் தெய்வங்களை எப்படிக் கும்பிட்டார்கள் என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. அதைப் புரிந்துகொள்ள முதலில் பிடிபட வேண்டியது 'மியாஸ்மா'. இதைப் பாவம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது பெரும் பிழை. மியாஸ்மா ஒருவர் செய்த குற்றமல்ல, அவர்மேல் வந்து படிந்த ஒரு நிலை. பிள்ளை பெற்றால் வரும். வீட்டில் சாவு விழுந்தால் வரும். நம் பிறப்புத் தீட்டும் இறப்புத் தீட்டும் இதற்கு நெருக்கமானவை. ஆனால் சாதியைச் சொல்லி மனிதர்களைக் காலமெல்லாம் ஒதுக்கிவைத்த கொடுமையை இதன்மேல் ஏற்றிப் படிக்கக் கூடாது. பிரசவம், சாவு என்றால் சில நாள் கோயிலைவிட்டு விலகியிருக்க வேண்டும். அன்றாட வழிபாட்டுக்கோ தண்ணீர் போதும். பலிபீடத்தில் எரியும் கொள்ளியை எடுத்துத் தண்ணீரில் முக்குவார்கள், அந்தத் தண்ணீர்தான் 'கெர்னிப்ஸ்'. அதில் கைகழுவி, மேலே தெளித்துக்கொண்ட பிறகே பலி தொடங்கும்.

டெலோஸ் தீவில் நடந்ததைப் பாருங்கள். அப்போலோ பிறந்த இடம் என்று போற்றப்பட்ட அந்தத் தீவை ஏதென்ஸ்காரர்கள் கி.மு. 426இல் தூய்மைப்படுத்தினார்கள். அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டி அகற்றினார்கள். இனி இங்கே யாரும் சாகக் கூடாது, பிள்ளை பெறவும் கூடாது என்று விதித்தார்கள். சாகக் கிடப்பவரையும் நிறைமாதக்காரியையும் பக்கத்து ரெனேயா தீவுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இதை எழுதிவைத்தவர் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ். அந்த நிறைமாதக்காரி செய்த பாவம் என்ன?

கொலையிலும் மியாஸ்மா உண்டே, அப்போது அது குற்றம்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஏதென்ஸ் சட்டப்படி, கைதவறிக் கொன்றவனும் நாட்டைவிட்டுப் போக வேண்டும். அப்படி வெளியேறியவன்மேல் இன்னொரு கொலைப்பழி வந்தால், விசாரணை கடலோரத்தில் நடக்கும். அவன் படகில் நின்றபடியே வழக்காட வேண்டும். நீதிபதிகள் கரையில் உட்கார்ந்து கேட்பார்கள். அவன் கால் மண்ணில் படக் கூடாது. இதைவிட வியப்பானது பிரிட்டனேயான் நீதிமன்றம். மேலே விழுந்து ஆளைக் கொன்ற கல், மரக்கட்டை, இரும்பு இவற்றுக்கு அங்கே விசாரணை நடந்தது. 'அரசர்' என்ற பட்டம் தாங்கிய அதிகாரி தலைமை வகிப்பார். தீர்ப்பானதும் அந்தப் பொருளை நாட்டு எல்லைக்கு அப்பால் எறிந்துவிடுவார்கள். கல்லுக்குக் கெட்ட எண்ணம் உண்டென்று அவர்கள் நம்பியதாக நினைக்க வேண்டாம். அது பேச்சும் அறிவும் இல்லாத பொருள் என்று அவர்களுடைய மேடைப்பேச்சாளர்களே சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குள் ஓர் உயிர் அநியாயமாகப் போயிருக்கிறது; அந்தக் கறை எதன்மேல் ஒட்டியிருக்கிறதோ அது ஊரைவிட்டுப் போயாக வேண்டும். இங்கே குணத்துக்கும் நோக்கத்துக்கும் இடமே இல்லை.

எபிடோரஸில், நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்க்லேபியஸின் கோயில் வாசலில், நல்லதை நினைப்பதே தூய்மை என்ற கருத்தில் ஒரு வாசகம் இருந்தது. மனத்தூய்மையும் அந்த மரபில் உண்டு என்பதற்கு அது நல்ல சான்று; மறுக்கவில்லை. ஆனாலும் தண்ணீரின் இடத்தை அது பிடித்துவிடவில்லை. அதே அஸ்க்லேபியஸின் கோயிலில் படுத்துக் குணம் தேடப் போகிறவரை முதலில் கடலில் குளிப்பாட்டுவதை அரிஸ்டோஃபனீஸின் நாடகம் ஒன்று காட்டுகிறது.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. கிரேக்க நாட்டில் இன்று இந்த வழிபாட்டைப் புதுப்பித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2017இல் அரசின் அங்கீகாரமும் கிடைத்தது. அவர்களின் நூல்களைப் படிக்கும் வெளியார் மியாஸ்மாவைக் குற்ற உணர்ச்சியாக மாற்றிக்கொண்டால், பிள்ளை பெற்றவளுக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் செய்யும் அநியாயம் அது. பழைய கிரேக்கத்தில், சாவு வீட்டு வாசலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருப்பார்கள். அந்த வீட்டுத் தண்ணீரும் தீட்டு என்பதால் அடுத்த வீட்டிலிருந்து வாங்கி வைத்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் திரும்பும்போது அதைத் தெளித்துக்கொள்வார்கள். தீட்டு வரும் என்று தெரிந்தேதான் உள்ளே போனார்கள். போகாமல் இருப்பதுதான் அவர்கள் கணக்கில் தவறு.