கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம்: வள்ளுவர் பக்கத்துல வந்துட்டார்... படகு க்யூ மட்டும் அப்படியே இருக்கே!

கடல் நீர்மட்டம் தாழ்வு, திருவள்ளுவர் சிலைக்குப் படகு சேவை இல்லை. தென்மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். விவேகானந்தர் பாறை வரை போய், எதிரே நிற்கிற வள்ளுவரைத் தூரத்திலிருந்தே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

அந்த ஏமாற்றத்துக்கு 2024 டிசம்பர் 30 அன்று முடிவு கட்டப்பட்டது. இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய் செலவு. வள்ளுவர் சிலையின் வெள்ளி விழாவையொட்டி நடந்த திறப்பு இது.

பிரச்னை முடிஞ்சுது, எல்லாருக்கும் சந்தோஷம்தானே? அப்படிச் சொல்லிவிட முடியவில்லை. போய்விட்டு வந்தவர்களிடம் கேட்டால், 'செம' என்கிற பதிலும் வருகிறது, 'பழைய போட் சவாரிதான் நல்லா இருந்துச்சு' என்கிற பதிலும் வருகிறது. சில சமயம் ஒரே ஆளிடமிருந்து இரண்டுமே வருகிறது. ஏன்?

பழைய சவாரி எப்படி இருந்தது?

பெரியதாழையிலிருந்து உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி சுமார் 60 கிலோமீட்டர். இந்தக் கரையோர ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ஸ்கூல் டூர் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அந்தப் படகுதான். வல்லம் ஏறிப் பழகிய வீட்டுப் பிள்ளைகளும் அதில் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு சத்தம் போடுவார்கள்.

பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு, கரையிலிருந்து கிளம்பி விவேகானந்தர் பாறையில் இறக்கிவிடும். நினைவு மண்டபத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படகு. அடுத்த நிறுத்தம் வள்ளுவர் சிலை. பிறகு கரை.

இதில் இரண்டாவது சவாரி சில நிமிடம்தான். ஆனால் பலருக்கும் மறக்காத இடம் அதுதான். படகு ஆடிக்கொண்டே நெருங்க நெருங்க, 133 அடி வள்ளுவர் நம் தலைக்கு மேல் எழுந்து வருவார். 38 அடி பீடம், அதாவது அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். அதற்கு மேல் 95 அடி உருவம், பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்கள். கணபதி ஸ்தபதி வடித்த அந்தச் சிலையின் முழு உயரத்தையும் கடல் மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிற கோணம் அது.

படகு ஏன் அடிக்கடி நின்றது?

காரணம் ரொம்ப சிம்பிள். இரண்டு பாறைகளுக்கும் இடையே கடல் ஆழம் குறைவு, அடியில் பாறைகள் அதிகம். நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் படகின் அடிப்பகுதி தட்டும் அபாயம் உண்டு.

அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும். ஈர்ப்பு விசை சேர்ந்து இழுப்பதால் கடல் ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். இந்தக் கரையில் கடலுக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னையிலிருந்து ரயில் ஏறி வந்த குடும்பத்துக்கு மட்டும் டிக்கெட் கவுன்டரில்தான் விஷயமே தெரியும்.

ஆக, பழைய சவாரியை ஆஹா ஓஹோ என்று சொல்பவர்கள், அது கிடைத்த நாளில் போனவர்கள். கிடைக்காத நாளில் போனவர்களிடமும் கேட்க வேண்டும்.

பாலம் எதைச் சரிசெய்தது?

இப்போது விவேகானந்தர் பாறையில் இறங்கினால் போதும். நீர்மட்டம் இறங்கியிருந்தாலும் நடந்தே வள்ளுவரிடம் போகலாம். படகில் ஏறி இறங்கவே பயப்படுகிற வயதானவர்களுக்கு ஒரு ஏற்ற இறக்கம் மிச்சம். அவசரமில்லாமல் நின்று, காலுக்குக் கீழே அலை பாறையில் மோதி உடைவதைப் பார்க்கலாம். அந்தக் காட்சிக்காகவே திரும்பப் போகிறவர்களும் உண்டு.

பாலத்தின் வடிவமும் சும்மா அழகுக்காக மட்டும் இல்லை. வில்லை வளைத்தால் அதன் இரு முனைகளும் வெளியே விரியப் பார்க்கும், நாண் அதை இழுத்துப் பிடிக்கும். இந்தப் பாலத்தின் வளைவு வில் மாதிரி, நடைதளம் நாண் மாதிரி. அதனால் வளைவின் பக்கவாட்டு அழுத்தம் பெரும்பாலும் பாலத்துக்குள்ளேயே அடங்கிவிடும், கரைப் பாறைகளை வெளிப்பக்கமாகத் தள்ளாது. கடலுக்கு நடுவில் தூணும் வேண்டாம்.

அப்போ குறை என்ன?

முதலாவது, கோணம். பாலத்திலிருந்து பார்த்தால் வள்ளுவர் பீடத்துக்கு நேராக நாம் நடந்து வருகிறோம். அவர் கடலிலிருந்து எழுகிற மாதிரித் தெரிவதில்லை. கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கும் காட்சி மாறிவிட்டது. 2000 ஜனவரி 1 அன்று சிலை திறந்ததிலிருந்து, இரண்டு பாறைகளுக்கும் நடுவே வெறும் கடல்தான் இருந்தது. இப்போது அங்கே ஒரு வெள்ளை வளைவு. சிலருக்கு அது அழகு, சிலருக்கு அது இடைஞ்சல்.

இரண்டாவது, நீளம். 77 மீட்டர் என்பது சாதாரணமாக நடந்தால் ஒரு நிமிடம். 'கடல் மேல் கண்ணாடிப் பாலம்' என்று ரீல்ஸில் பார்த்து எதிர்பார்ப்போடு போனவர்கள், 'அவ்வளவுதானா?' என்று கேட்பதில் ஆச்சரியமில்லை. செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கும்போது அந்த ஒரு நிமிடம் நீளும், ரசனை குறையும்.

மூன்றாவது, பராமரிப்பு. உப்புக்காற்று, மணல், ஆயிரக்கணக்கான கால்கள். கண்ணாடிக்கு இது மூன்றுமே ஆகாது. 2025-ல் ஒரு கண்ணாடியில் விரிசல் விழுந்து செய்தியானது. பராமரிப்பு வேலையின்போது சுத்தியல் விழுந்ததுதான் காரணம் என்று மாவட்ட நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. இத்தகைய கண்ணாடிகள் பல அடுக்குகளை ஒட்டிச் செய்யப்படுபவை, மேல் அடுக்கு விரிந்தாலும் மொத்தமாக உடைந்து விழாது. இருந்தாலும், கீழே கடல் தெரிகிற இடத்தில் விரிசல் என்ற வார்த்தையே போதும், வயிறு கலங்க.

டிஸ்னியிலும் இதே பஞ்சாயத்துதான்

ஒரு சவாரியை மாற்றினால் ரசிகர்கள் இரண்டாகப் பிரிவது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் இருந்த 'ஸ்பிளாஷ் மவுன்டன்' என்ற நீர்ச்சவாரி, 1946-ல் வந்த ஒரு படத்தை அடிப்படையாகக் கொண்டது. கறுப்பின மக்களை அந்தப் படம் காட்டிய விதம் பல காலமாக விமர்சிக்கப்பட்டதால், சவாரியை மாற்றப்போவதாக 2020-ல் அறிவித்தார்கள். 2023-ல் அது மூடப்பட்டபோது, சவாரியின் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆன்லைனில் விற்கும் அளவுக்குப் போனது பிரியாவிடை.

2024-ல் அதே இடத்தில் 'டியானாஸ் பேயூ அட்வென்ச்சர்' வந்தது. பொம்மைகளின் நேர்த்தியைப் பாராட்டினார்கள், கதையில் விறுவிறுப்பு இல்லை என்று குறையும் சொன்னார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: கடைசியில் படகு செங்குத்தாக விழும் அந்த இடத்தை டிஸ்னி எடுக்கவில்லை. அலங்காரமும் கதையும்தான் மாறின, வயிற்றைப் புரட்டும் அந்த நொடி அப்படியே இருந்தது.

குமரியில் நடந்தது இதற்கு நேர் எதிர். பார்க்கிற இடங்கள் மாறவில்லை, மண்டபமும் சிலையும் அதேதான். இடையில் இருந்த அந்த நொடிதான் போய்விட்டது. பாலத்தை ஆதரிப்பவர்களுக்கும் உள்ளுக்குள் ஒரு 'மிஸ்ஸிங்' தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

பாலம் தொடாத பிரச்னை

ஆனால் உண்மையில் பேச வேண்டிய விஷயம் வேறு. கண்ணாடிப் பாலம் பாறையையும் பாறையையும்தான் இணைக்கிறது, கரையை இணைக்கவில்லை. விவேகானந்தர் பாறைக்குப் போக இன்றும் படகுதான் ஒரே வழி.

அதாவது, காற்றும் அலையும் பலமாகி முதல் படகே கிளம்பாத நாளில் 37 கோடி ரூபாய்ப் பாலம் சும்மா நிற்கும். சபரிமலை சீசனிலும் பள்ளி விடுமுறையிலும் படகுத்துறைக்கு வெளியே வரிசை நீளும். பாலத்தைப் பார்க்கவே புதிதாகக் கூட்டம் வரும்போது அதே படகுத்துறையில்தான் அத்தனை பேரும் நிற்க வேண்டும். கூடுதல் காசு கொடுத்தால் சீக்கிரம் போகலாம் என்ற தனி டிக்கெட் இருக்கிறது. ஆனால் நாலு பேர் குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

ஒரு நிமிட நடைக்காக மணிக்கணக்கில் வெயிலில் நின்ற பிறகு, பாலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் 'அவ்வளவுதானா?' என்றுதான் தோன்றும். அந்தக் கேள்வியின் பாதி பாலத்தைப் பற்றியதே இல்லை, க்யூவைப் பற்றியது.

போறதுக்கு முன்னாடி...

* படகு சேவை வழக்கமாகக் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை. முதல் படகுகளைப் பிடிப்பது நல்லது, வெயிலும் கம்மி, கூட்டமும் கம்மி.
* கிளம்பும் முன் அன்றைய கடல் நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் இது ரொம்ப முக்கியம்.
* பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். பீடத்துக்குள் 140 படிகள் ஏறினால் வள்ளுவரின் பாதத்துக்கே போகலாம்.
* பழைய அனுபவம் வேண்டும் என்றால், பாதத்தருகே நின்று நேர் மேலே அண்ணாந்து பாருங்கள். படகின் ஆட்டம் இருக்காது, உயரம் அப்படியேதான் இருக்கிறது.

வள்ளுவரை எல்லா நாளும் எட்டிப் பார்க்க வைத்ததற்காகப் பாலத்தைத் தாராளமாகப் பாராட்டலாம். அடுத்த கோடிகள் படகுத்துறைக்கும், நிழலுக்கும், வரிசையைச் சுருக்குகிற வழிக்கும் போனால், போட் சவாரியை மிஸ் பண்றவங்களும் கொஞ்சம் சமாதானம் ஆவாங்க.