உங்களுக்குத் தெரியுமா? மாங்காயும் பித்தமும்

ஆயுர்வேதம் சொல்லும் பித்தம், கல்லீரல் சுரக்கும் பித்தநீர் மட்டுமன்று. செரிமானம், உடற்சூடு, பார்வை, தோலின் நிறம் ஆகியவற்றை நடத்தும் வெப்பத்தன்மைக்கே அந்தப் பெயர். சித்த மருத்துவத்தில் அது அழல்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் பெங்களூரா மாங்காய், அதாவது கிளிமூக்கு, உணவு பித்தத்தை எப்படி மாற்றும் என்பதை விளக்க அருமையான சான்று. மாம்பிஞ்சு இரத்தக்கசிவு நோயான இரத்தபித்தத்தை உண்டாக்கும், முற்றாத காய் பித்தத்தைக் கூட்டும், கனிந்த பழமோ வாயுவைத் தணித்து வலுவூட்டும் என்று பிரித்துச் சொல்கிறது ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை. ஒரே மரத்துக் காய்தான். பருவம் மாறினால் குணமும் மாறுகிறது! மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் புளிப்பு, உப்பு, காரம் என்று பித்தத்தைக் கிளறும் மூன்று சுவைகளும் சேர்ந்துவிடும். தணிப்பவை இனிப்பு, கசப்பு, துவர்ப்பு. நெல்லிக்காயோ புளித்தாலும் பித்தத்தைத் தணிக்கும்.

வெயில், அனல், கோபம், பட்டினி ஆகியவையும் பித்தத்தை ஏற்றும். ஓசூர்த் தொழிற்கூடங்களில் உலையருகே நின்று, ஷிப்டு மாறும்போதெல்லாம் சாப்பாட்டு நேரமும் தவறுவோர் இதைக் கவனிக்க வேண்டும். பித்தம் தணிக்க நெய்யே முதன்மையானது என்பது ஆயுர்வேத ஆசிரியர் வாக்படரின் கருத்து. பித்தம் ஏறியதன் அறிகுறியாகச் சொல்லப்படும் நெஞ்செரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தால் கைவைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.