வீடும் அடுப்பும்: குடும்ப வன்முறைச் சட்டம் பற்றிய ஒரு குறிப்பு

இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், அடித்தலைப் புதியதொரு குற்றமாக்கவில்லை. அதற்கான தண்டனை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலேயே உள்ளது. இச்சட்டத்தின்கீழ் நீதவான் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். கணவன் வீட்டினுள் நுழைவதையும் தடைசெய்யலாம். கட்டளையை மீறுபவனுக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டப்பணம், அல்லது இரண்டும்.

மாங்கேணி அமைந்துள்ள மட்டக்களப்புப் பிரதேசத்தில், தாய்வழி மரபின்படி வீடு பெரும்பாலும் மனைவியின் சீதனமாகும். எனவே கணவனை வெளியேற்றும் கட்டளைக்கு இங்கு சமூக அடித்தளம் உண்டு. ஆயினும் வீடு அவளுடையதாயிருக்க, அடுப்பெரிவது அவனது மீன்பிடி வருமானத்தில் எனின், முறைப்பாடு பட்டினியாக முடியும். பணவுதவிக்கும் நீதவான் கட்டளையிடலாம். நாட்கூலியிலிருந்து அதனைப் பெறுவது எளிதன்று. பெண்ணின் சொந்த ஊதியமே அக்கட்டளையை நடைமுறையாக்கும் என்பது மனங்கொள்ளத்தக்கது.